அன்னத்துக்கு இரண்டு வால்

போன வருடம் ஆனி மாதம். ஆவணி முகூர்த்தங்களுக்காக ஆரணி முழுக்கத் தறிகள் ஓடிக்கொண்டிருந்த நேரம். என் மச்சானின் பட்டுச் சேலைக் கடையில் நின்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். திட்டு வாங்குவது எனக்குப் புதிதல்ல. அன்றைய காரணம்தான் கொஞ்சம் புதுசு.

சேலைக்கு டிசைன் வரைவது என் தொழில். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுத்தால் அதைத் தறியில் ஏற்றுவார்கள். பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் எங்கள் வீட்டுத் தறியில் நெய்வது என் மனைவி. அவளுக்குப் பட்டும் சரிகையும் கொடுத்து நெய்து வாங்கிக்கொள்வது அவளுடைய அண்ணன், அதாவது மேற்படி மச்சான். ஆக, ஒரு தப்பு செய்தால் வீட்டிலும் கடையிலும் ஒரே குடும்பத்தாரிடம் திட்டு வாங்கும் வசதி எனக்கு உண்டு.

எனக்கு ஒரு கிறுக்கு. போர் விமானம். இளவயதில் விமானப் படையில் சேரப் போனேன். மருத்துவப் பரிசோதனையில் வண்ணப் புள்ளிகள் நிறைந்த அட்டை ஒன்றைக் காட்டி, உள்ளே என்ன எண் என்றார்கள். "எண் எங்க சார் இருக்கு?" என்று நான் திருப்பிக் கேட்டதோடு என் விமானப் படை வாழ்க்கை முடிந்தது. சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத கண். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பட்டுச் சேலை ஊரில் டிசைனர் ஆனவன் நான். கட்டம் வரைவதோடு சரி. கலர் பக்கம் என்னை யாரும் விடுவதில்லை.

ஓட்டத்தான் முடியவில்லை, படிக்கலாமே என்று ஆரம்பித்தேன். பெரிய நாடுகளின் விமானப் படைகள் எனக்குச் சலிப்பு. பீரோ நிறையச் சேலை அடுக்கிய வீடு மாதிரி. சின்ன நாடுகள்தான் சுவாரசியம். அவர்கள் எடுக்கப் போவது ஒரே ஒரு கல்யாணச் சேலை. விலை பார்த்தால் மட்டும் போதாது. அவ்வப்போது மடிப்பு மாற்றி வைக்க ஆளும் வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பிலேயே இற்றுப் போகும். பொலிவியா, பயிற்சிக்கென்று பிறந்த ஒரு பழைய ஜெட்டைப் போர் விமானம் என்று சொல்லிப் பல காலம் ஓட்டியது, என் மொபெட்டைப் போல. நியூஸிலாந்து, போர் ஜெட்டே நமக்கு வேண்டாம் என்று ஒரு நாள் கும்பிடு போட்டுவிட்டது. மலேசியா ரஷ்யாவிடம் மிக்-29 வாங்கியபோது விலையில் ஒரு பங்கைப் பாமாயிலாகக் கொடுத்தது. ரேஷன் கடையில் பாமாயில் பாக்கெட்டைக் கையில் வாங்கும்போதெல்லாம் எனக்கு மிக்-29 தான் ஞாபகம் வரும்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? வீட்டில் ஆரம்பித்தால், "ஏங்க, பொலிவியாக்காரன் எத ஓட்னா நமக்கு இன்னா? பால் பொங்குது பாருங்க" என்பாள் மனைவி. டீக்கடையில் நான் வருவதைப் பார்த்தாலே நண்பர்களுக்கு அவசர வேலை வந்துவிடும். இத்தனைக்கும் நான் ஒரு போர் விமானத்தைத் தொட்டதுகூட இல்லை. சென்னையில் காட்சிக்கு வைத்திருந்த ஒன்றின்மேல் கை வைக்கப் போனேன். காவலர் ஊதிய விசிலில் பக்கத்திலிருந்த குழந்தை வீரிட்டு அழுதது. கை அப்படியே பைக்குள் போய்விட்டது.

சரி, அந்தத் திட்டுக்கு வருகிறேன். மச்சான் சேலை உடலில் போட அன்னப் பறவை புட்டா கேட்டிருந்தார். நான் அந்த வாரம் மிக்-29 படித்துக்கொண்டிருந்தேன். கை தானாகப் போய்விட்டது. கூரான மூக்கு, பின்னால் சாய்ந்த இறக்கை, இரண்டு வால். அந்தச் சேலையை மனைவி தறியில் பின்பக்கம் மேலே இருக்கும்படி நெய்தாள். சரிகை முகம் அடியில் கிடந்தது. தறியிலிருந்து அறுத்து விரித்த பிறகுதான் அவள் அன்னத்தைப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, அன்னத்துக்கு ரெண்டு வாலு கீது?"

"மேலேருந்து பாத்தா அன்னம் அப்படித்தான் இருக்கும்."

கடையில் மச்சானிடமும் அதையே சொன்னேன்.

"அன்னத்த மேலேர்ந்து எவன் மாப்ள பாத்தான்? பேஜார் பண்ணாத!"

அப்போதுதான் அந்த அம்மா உள்ளே வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. பூர்வீகம் போளூர்ப் பக்கம், பிறந்து வளர்ந்தது மலேசியாவில். மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்திருந்தார். விரித்துக் கிடந்த சேலையைக் குனிந்து பார்த்தவர், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"இது மிக்-29 இல்ல?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மச்சானுக்கும் வந்தது, வேறு காரணத்துக்காக.

அந்த அம்மாவின் அப்பா மலேசிய விமானப் படையில் மெக்கானிக். பினாங்குக்கு எதிர்க்கரையில் இருந்த தளத்தில் எஃப்-5 என்ற சின்ன விமானத்தைப் பார்த்துக்கொண்டவர். பெரிய செலவு வைக்காத, பழுது பார்க்க எளிதான விமானம் என்று பல சின்ன நாடுகள் ஆசையாக வாங்கியது அதைத்தான். இதை நான் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

"சரியாத்தான் சொல்றீங்க தம்பி. மிக் வந்தப்ப அப்பா ரிட்டயர் ஆயிட்டாரு. அவருக்கு அது மேல ஒரே பொறாமை. பாமாயில் குடுத்து வாங்கினது எவ்ளோ நாளைக்கு ஓடும்னு திட்டிக்கிட்டே இருப்பாரு" என்று சிரித்தார்.

விமான எரிபொருளின் மண்ணெண்ணெய் வாசனையோடு அப்பா வீடு திரும்புவாராம். குளித்தால்தான் உள்ளே விடுவேன் என்று அம்மா வாசலில் மறிப்பாராம். அதற்குள் சின்னப் பெண்ணாக இருந்த இவர் ஓடிப்போய் அந்தச் சட்டையில் முகம் புதைத்துவிடுவாராம். குடும்பங்களைத் தளத்துக்குள் விட்ட ஒரு நாள், அப்பா இவரைத் தூக்கி விமானத்தின் இறக்கைமேல் உட்கார வைத்திருக்கிறார்.

"தொட்டா எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னப் பையனுடையது போலக் கேட்டது.

அவர் யோசித்தார். "வெயில்ல நின்னா சுடும். நிழல்ல நின்னா ஜில்லுனு இருக்கும்லா."

இவ்வளவுதான். நான் படித்த எதிலும் இது இல்லை.

பிறகு தயங்கித் தயங்கி மச்சானிடம் கேட்டார். "பேத்தி கல்யாணத்தப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே போய்ச் சேந்துட்டாரு. மணவறையில படம் வைக்கலாம். ஆனா அவரு எந்தப் படத்துலயும் சிரிக்க மாட்டாரு. ப்ளேன் பக்கத்துல நின்னா மட்டும் சிரிப்பாரு. அந்த எஃப்-5 ப்ளேன முகூர்த்தச் சேலையில போட்டுத் தர முடியுமா?"

மச்சான் பதறிவிட்டார். "முகூர்த்தப் பொடவைல குண்டு போட்ற ப்ளேனா? ஆகாதும்மா. கேக்கறவங்க எங்களத்தான் திட்டுவாங்க."

அந்த அம்மா வாதாடவில்லை. மிக்-29 மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே நின்றார். மச்சான் என்னைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், கடைசியில் பெருமூச்சு விட்டார்.

"ஒண்ணே ஒண்ணு. முந்தி ஓரத்துல. மாப்ள, ஏவுகணை கீவுகணை வந்துது, அப்புறம் நடக்கறதே வேற!"

அங்கேதான் சிக்கல். எஃப்-5 இன் இறக்கை முனைகளில் குச்சி போல இரண்டு ஏவுகணைகள் இருக்கும். அவை இல்லாவிட்டால் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார் அந்த அம்மா. கடைசியில் அந்த இடத்தில் பக்கத்துக்கு ஒரு மல்லிமொக்கு வரைந்தேன். உலகத்திலேயே மல்லிமொக்கோடு பறக்கும் ஒரே எஃப்-5 எங்கள் வீட்டுத் தறியில் இறங்கியது, வெள்ளிச் சரிகையில். மனைவி தறிக்கு அடியில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து அதைப் பார்த்தாள்.

"இத்தினியூண்டு கீது. இதுக்காங்க இவ்ளோ ஏக்கம்?"

கேட்டாளே தவிர, கிண்டல் செய்யவில்லை. அந்த இடத்தை மட்டும் வழக்கத்தைவிட மெதுவாக நெய்தாள்.

சேலை கூரியரில் போனது. கல்யாணம் முடிந்து சில வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஓய்வு பெற்ற எஃப்-5 ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கும் இடம். கல்யாணப் பெண் அந்தச் சேலையோடு நிற்கிறாள். முந்தியின் ஓரத்தை இறக்கைமேல் விரித்துப் பிடித்திருக்கிறாள். சின்ன விமானம் பெரிய விமானத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது.

"பொடவை அரக்குங்க, பார்டர் பச்ச" என்று மனைவி எனக்காகப் படித்துச் சொன்னாள். "ப்ளேனு சாம்பல்."

"சாம்பல் எனக்கே தெரியுது" என்றேன்.

கூடவே அந்த அம்மாவின் குரல் பதிவு. பின்னால் காற்றுச் சத்தம்.

"தம்பி, மரத்தடியிலதான் நிக்குது. ஜில்லுனு இருக்கு. உங்களுக்கும் சேத்துத் தொட்டுட்டேன்."

இன்றைக்கும் புதுச் சேலையை விரித்துச் சரிகையின்மேல் உள்ளங்கையை வைக்கும்போது, நான் இன்னும் தொடாத ஓர் இறக்கையின் அந்தக் குளிர்ச்சி ஒரு நொடி கைக்கு எட்டுகிறது; எட்டிய வேகத்தில் பறந்தும் போய்விடுகிறது.