மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இப்றாஹிம் காக்கா

நற்பிட்டிமுனை முத்தலிப், கல்முனையில் ஒரு நெல் உதவித் திட்ட அலுவலகத்தில் தற்காலிக எழுதுவினைஞர். 1987இல் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்திறங்கியது. காலையில் அதன் மேல் துணியை எடுப்பதும், விவசாயிகளின் பெயர்களை ஏற்றுவதும், மாலையில் மறுபடி மூடுவதும் அவர் வேலை. பணிப்பாளர் அப்துல் கபூர் அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார். பள்ளிவாசலுக்கு அடுத்தபடியாக அவர் செருப்புக் கழற்றிய இடம் அதுவாகத்தான் இருக்கும்.

பெரும்போகம் தொடங்கும் நேரம் பார்த்து, இறக்காமம் ஊர் விவசாயிகளின் விதைநெல் பட்டியலை அச்சடிக்க கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. அடுத்த வியாழனுக்குள் சரிவராவிட்டால் நிரந்தர நியமனத்தை மறந்துவிடும்படி பணிப்பாளர் முத்தலிபிடம் சொன்னார். அந்த நியமனத்தை நம்பித்தான் முத்தலிப் வீட்டுக்குக் கூரை ஓடு போட்டிருந்தார்.

கம்ப்யூட்டருக்கான நிரலை எழுதிய ஜெமீல் கொழும்பில் இருந்தார். அவர் கல்முனைக்கு வரத் தேவையில்லையாம்; டெலிபோன் வழியாகவே உள்ளே புகுந்து திருத்துவாராம். அதற்காக மோடம் என்ற சிறு பெட்டியொன்றை பஸ்ஸில் அனுப்பிவைத்தார். அழைப்பு வந்ததும் பெட்டியின் பொத்தானை அழுத்தினால், இரண்டு மெசின்களும் கீச்சிட்டுக் கதைத்துக்கொள்ளும். இதைத் தானே கண்டுபிடித்தது போல அப்துல் கபூர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அழைப்பு வந்தது, பெட்டி கீச்சிட்டது, கொஞ்ச நேரத்தில் தொடர்பு அறுந்தது. மறுபடியும் அப்படித்தான். வயரை மாற்றும்படி ஜெமீல் சொன்னார், முத்தலிப் மாற்றினார். வயரில் குந்தும் காகங்கள்தான் காரணம் என்று பணிப்பாளர் வாசலில் காகம் விரட்ட ஓர் ஆளை நிறுத்தினார். அதுவும் பலிக்காமல் ஒரு குழு அமைத்தார். குழு தேநீர் குடித்து, கடற்காற்றின் உப்பே குற்றவாளி என ஏகமனதாக முடிவெடுத்தது.

முத்தலிப் மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சரியாக மூன்றாவது நிமிடத்தில்தான் அறுந்தது. இது இவ்வளவு நாளும் தோன்றவில்லையே என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

வெளியூர் அழைப்பெல்லாம் டெலிபோன் நிலையத்தில் இருக்கும், ஊரே அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிடும் இப்றாஹிமின் கைவழியாகத்தான் போகும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இடையில் வந்து, நேரம் முடிந்தது, டெலிபோன் கோலை நீட்டவா என்று கேட்பார். அப்படியே சுகமும் விசாரிப்பார். நாம் சொல்ல மறந்ததை எடுத்துக் கொடுப்பார். ஒட்டுக்கேட்கிறார் என்று ஒருவரும் குறைசொன்னதில்லை. விசாரிக்காமல் விட்டால்தான் ஊர் கோபிக்கும்.

முத்தலிப் சைக்கிளை மிதித்துக்கொண்டு அவரிடம் போனார்.

“அந்தக் கோல்ல மனிசரே இல்ல தம்பி, ஒரே கீச்சுச் சத்தம். லைன் பழுதாக்கும் எண்டு எத்தின தரம் ஹலோ சொன்னன் தெரியுமா?” என்றார் இப்றாஹிம்.

இரண்டு மெசின்கள் கதைக்கும்போது மனிதக் குரல் விழுந்தால் எல்லாம் குழம்பிவிடும் என்று முத்தலிப் விளக்கினார். இப்றாஹிமின் முகம் வாடிவிட்டது. இருபத்திரண்டு வருடச் சேவையில் அவரை வாயை மூடச் சொன்னவர் எவருமில்லை. மெசின்கள் அப்படி என்னதான் கதைக்கின்றன என்று கேட்டார். விதைநெல் பற்றித்தான் என்றதும், இறக்காமத்தில் பெண்ணெடுத்தவர் என்பதால், சம்மதித்தார்.

புதன்கிழமை அழைப்பு பதினொரு நிமிடம் அறாமல் நின்றது. பட்டியல் கடகடவென்று அச்சாகி வர, முத்தலிபின் கண் கலங்கிவிட்டது. விதைநெல் இறக்காமம் போய்ச் சேர்ந்தது. பணிப்பாளர் தன் தலைமைத்துவம் பற்றி ஆறு பக்க அறிக்கை எழுதினார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு முற்பகலில் இப்றாஹிம் அலுவலக வாசலில் வந்து நின்றார். கடமை நேரத்தில் அவரை வெளியில் யாரும் கண்டதில்லை. காலையில் கொழும்புத் தலைமையகம் பணிப்பாளரோடு கதைத்ததாம். கம்ப்யூட்டரை இனிக் கொழும்பிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஆள் எதற்கு? மாத முடிவோடு முத்தலிபை நிறுத்திவிடலாம். பணிப்பாளரும் நல்ல யோசனை என்றாராம்.

முத்தலிப் உள்ளே எட்டிப் பார்த்தார். பக்கத்து அறையில் பணிப்பாளர் பணிநீக்கக் கடிதத்தைத் தட்டச்சுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நீங்க ஒண்டும் சொல்லல்லையா காக்கா?”

“சொல்லாம இரிப்பனா? மூணாவது நிமிசம் இடையில போய், இந்தப் பொடியன் இல்லாட்டி உங்கட மெசின் இன்னும் கீச்சிட்டுக்கொண்டுதான் இரிக்கும் எண்டு சொன்னன்.”

“அதுக்கு?”

“கோலை நீட்டவா எண்டு நான் வழமையாக் கேக்கிறதுதான் எண்டு நினைச்சித்தாங்க. ‘வேணாம், கதைச்சி முடிஞ்சி’ எண்டு ரெண்டு பேரும் டெலிபோன வெச்சித்தாங்க.”