கையில்லாத தன்வந்திரி

சுந்தரமூர்த்தி முப்பது வருஷம் லைன்மேனாகக் கம்பம் ஏறியவர். கம்பத்து உச்சியிலிருந்து பார்த்த வானத்தை வைத்து வேற்றுக்கிரகக் கதைகள் எழுதினார். அவருடைய வேற்றுக்கிரகவாசிகளுக்கெல்லாம் மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயில் கூத்திலிருந்துதான் பெயர். சனியின் நிலவைக் காவல் காப்பவன் போத்துராசா. உடம்பில்லாமல் தலை மட்டும் மிதக்கிறவன் அரவான். வெளிநாட்டுக்காரர்கள் அவர்களுடைய பழைய சாமிகளின் பெயரை வைக்கும்போது நமக்கு மட்டும் என்ன பஞ்சம் என்று கேட்பாராம். அவர் மனைவி கலைச்செல்வி சொன்னாள்.

நான் அவர் வீட்டுக்கு நோயாளிப் பராமரிப்புக்குப் போனபோது அவருக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம். வலது கை விழுந்துவிட்டது. பேச்சு ஒற்றைச் சொல்லோடு நின்றது. அவருடைய முதல் புத்தகத்தில் கடைசிக் கதைக்குக் கடைசிப் பக்கம் பாக்கி. அது அவர் தலைக்குள் மட்டுமே இருந்தது. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் அந்தக் கதையை விட்டுவிட்டு அச்சடிப்போம் என்று பதிப்பகத்தில் சொல்லிவிட்டார்கள். இடது கையால் எழுதிப் பழகச் சொல்லித் தினமும் பேனாவை நீட்டினேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

எழுதிய வரைக்குமாவது நல்லபடியாக நகலெடுத்துத் தரச் சொன்னாள் கலைச்செல்வி. அங்கேதான் என் அறிவு வேலை செய்தது. அந்தக் கதையின் நாயகன் அரவான். பாரதப் போருக்கு முன் களபலி கொடுக்கப்பட்டவன். வெட்டிய தலையாகப் பதினெட்டு நாள் போரைப் பார்த்தவன். நோயாளி படுத்திருக்கும் வீட்டில் அந்தப் பெயர் எதற்கு? நாற்பது வருஷமாக எத்தனையோ வீடுகளில் சகுனம் பார்த்தவர்களை அதட்டியவள் நான். அதே நான், அரவானை எடுத்துவிட்டு இருபத்தேழு இடத்தில் தன்வந்திரி என்று எழுதினேன். வைத்தியத்துக்கே சாமி, அமுத கலசத்தோடு வருகிறவர், குணமாகும் என்று கணக்கு.

மறுநாள் காலை கஞ்சி கொடுத்துவிட்டுப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். இரண்டாவது வரியிலேயே நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"யாரு?"

"தன்வந்திரிங்க. நல்ல பேரா இருக்கட்டும்னு நான்தான் மாத்தினேன்."

முகம் சிவந்தது. நான் பிரஷர் பார்க்கும் கருவியைத் தேடினேன். அவர் ஒவ்வொரு சொல்லாக இழுத்துக் கேட்டார்.

"கையே... இல்லாதவன்... கலசத்த... எதுல புடிப்பான்?"

பக்கவாதம் வந்த பிறகு அவர் பேசிய முதல் முழு வாக்கியம். கரண்டியோடு ஓடிவந்த கலைச்செல்வி இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவர் அவளைக் கவனிக்கவில்லை. என் பேனாவை இடது கையால் பிடுங்கி, தன்வந்திரியை அடித்துவிட்டு அரவான் என்று எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போனது. இருபத்தேழு இடத்தையும் திருத்த இரண்டு நாள் ஆயிற்று. நான் ஒரு இடத்தில் உதவப் போனதற்கு முறைத்தார்.

மூன்றாம் நாள் கடைசிப் பக்கத்தை அவரே எழுதினார். போர் முடிந்த பிறகும் அரவான் கண்ணை மூடவில்லை. அடுத்து எங்கே என்று கேட்கிறான். கெடுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது தபாலில் சேர்த்தோம்.

பராமரிப்புக் குறிப்பேட்டில், "இடது கை: நல்ல முன்னேற்றம்" என்று எழுதினேன். "கொடுத்த பயிற்சி" என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன்.