கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு வாசல் கிடையாது

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் முட்டாள் சினிமாவில்தான் இருப்பான் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் ஒரு வியாழக்கிழமை மதியம் அந்த ஆள் நானேதான் என்று தெரிந்துபோனது. யாரும் என்னை மிரட்டவில்லை, மயக்க மருந்து கொடுக்கவில்லை. ராகுகாலம் வருகிறதே என்று நானாகவே பேனாவைப் பிடுங்கிப் போட்டேன். கேட்டிருந்தால் இரண்டு நகல் சேர்த்தே போட்டிருப்பேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், பெங்களூரில் பதினேழு வருஷம் ஓட்டல் வரவேற்பு மேசையில் நான் செய்ததே இந்த வேலைதான். "இங்க ஒரு கையெழுத்து சார், இங்க ஒண்ணு" என்று விரலை வைத்துக் காட்டி, வருகிறவர் ஒரு வரியும் படித்துவிடாதபடி பேச்சுக் கொடுப்பதில் நான் கைதேர்ந்தவன். அதே வித்தையை எனக்கே ஒருவன் காட்டினான். நான் சிரித்த முகமாகப் போட்டுக் கொடுத்தேன்.

கள்ளக்குறிச்சிக்கு மேலே மலையில் இருக்கும் கரியாலூரில் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு தங்கும் விடுதிக்கு என்னை மேலாளராகக் கூப்பிட்டார்கள். நான் பிறந்தது ரிஷிவந்தியம் பக்கம். சொந்த ஜில்லாவுக்குத் திரும்பப்போகிறோம் என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் மனைவிக்குப் பாவியது. அவள் தையல்காரி. அந்தத் தெருவில் பாதிப் பேரின் ரவிக்கை அவள் கையில்தான். மோட்டார் வைத்த பெரிய மிஷின் ஒன்றைச் சீட்டுப் பணத்தில் வாங்கி வைத்திருந்தாள்.

"மலை மேல குந்திக்கினு நான் யாருக்குத் தெக்கறது? கொரங்குக்கா?" என்றாள்.

விடுதி முதலாளியிடம் பேசினேன். எல்லா அறைக்கும் திரைச்சீலை, தலையணை உறை மொத்தமும் அவளே தைத்துக் கொடுக்கலாம், கோடைக் கூட்டம் வருவதற்குள் முடிந்தால் போதும், பிறகும் வேலை தொடர்ந்து வரும் என்றார். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் அவள் சம்மதித்தாள். ஆகவே வீட்டுச் சாமானில் மற்றதெல்லாம் வந்தாலும் வராவிட்டாலும், மிஷின் முழுசாக வந்தாக வேண்டும்.

சாமான் ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனிகள் நான்கைந்துக்குப் போன் போட்டேன். மூன்று பேர் என்னை 'சார்' என்றார்கள். ஒரு பெண் மட்டும் 'அண்ணா' என்றாள். அந்தக் கம்பெனியையே பிடித்துவிட்டேன். வேறு எதையும் நான் விசாரிக்கவில்லை.

"எந்த ஊருக்குப் போகணும்ணா?"

"கள்ளக்குறிச்சி."

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. வெளியூரில் யாராவது கேட்டால் ரிஷிவந்தியத்துக்காரனும் கள்ளக்குறிச்சி என்பான், மணலூர்பேட்டைக்காரனும் கள்ளக்குறிச்சி என்பான். கேட்கிறவர் முகத்தில் அதற்கும் வெளிச்சம் வராவிட்டால் 'சேலம் பக்கம்' என்று சொல்லிக் கதையை முடித்துக்கொள்வோம். கரியாலூர் என்று சொல்லி, அது எங்கே, எந்த மலை, எந்தப் பஸ் என்று விளக்கிக்கொண்டிருக்க எனக்குச் சோம்பல்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பதினொன்றுக்கு வந்தார்கள். ஒன்றரைக்கு ராகுகாலம். ஒன்று இருபதுக்குக் கடைசிப் பெட்டி ஏறியது. மேஸ்திரி ஒரு தாளை நீட்டினான். சாமான் பட்டியல் என்று மேலே அச்சிட்டிருந்தது. கீழே கோடுகள் மட்டும்.

"எழுதிக்கினு இருந்தா நேரம் பூடும் சார். நீங்க கையெழுத்துப் போடுங்க, நாங்க ஆபீஸ்ல ரொப்பிக்கறோம்."

போட்டேன். அடியில் இருந்த கார்பன் நகலைக் கிழித்து என் சட்டைப் பையில் செருகினான். லாரி ஒன்று இருபத்தைந்துக்குக் கிளம்பியது. எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம் கேட்டு எனக்கு அப்படியொரு நிம்மதி. பூட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுக்கத் தெருமுனைக்குப் போனால், அங்கே அதே லாரி நிற்கிறது. ஆட்கள் அதன் நிழலில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி வரை, ராகுகாலத்தின் கடைசிச் சொட்டு வரை, அது அங்கேயேதான் நின்றது. மனைவியிடம் அதை நான் சொல்லவில்லை.

நாங்கள் பஸ் பிடித்துக் கரியாலூர் வந்துவிட்டோம். விடுதிக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு சின்ன வீடு. முதலாளி கொடுத்த பாயும் இரண்டு போர்வையும்தான் சொத்து. நாளைக்கு வந்துவிடும் என்ற லாரி நாலு நாளாக வரவில்லை. மனைவி என் சட்டைப் பையிலிருந்து கம்பெனியின் காகிதங்களை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? இந்தப் பட்டியல்ல எழுதியிருக்கறதே உங்க கையெழுத்து ஒண்ணுதான்."

உடனே பெங்களூரில் ஒரு வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள். இவளிடம்தான் அவர் ரவிக்கை தைக்கக் கொடுப்பார். அந்த அம்மாள் சொல்லச் சொல்ல இவள் 'ம்', 'ம்' என்று தலையாட்டிக்கொண்டே நடுநடுவே என்னை ஒரு பார்வை பார்த்தாள். பேசி முடித்துவிட்டு வந்தாள்.

"பட்டியல ஒவ்வொண்ணா எழுதி, அது எப்படி இருக்குதுன்னும் எழுதி, அப்பறந்தான் கையெழுத்துப் போடணுமாம். அது போனது போவட்டும். எறக்கும்போதாவது பிரிச்சுப் பாத்துட்டுப் போடணும். ஒடஞ்சிருந்தா அவங்க தாள்லயே எழுதி, வந்த ஆளுகிட்ட கையெழுத்து வாங்கணும். போட்டோ புடிக்கணும்."

"நான் பாத்துக்கறேன்."

"நீங்க ஒண்ணும் பாக்க வேணாம். கைய பாக்கெட்ல வெச்சிக்கினு நில்லுங்க, போதும்."

ஐந்தாம் நாள் டிரைவர் போன் செய்தார். கள்ளக்குறிச்சியில் நிற்கிறாராம். இரண்டு பேரும் பஸ்ஸில் மலை இறங்கினோம். கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு டீக்கடை ஓரம் லாரி நின்றது. டிரைவர் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள்.

"ஊரு வந்திடுச்சி சார். வூடு எங்க?"

"இன்னும் கொஞ்சம் மேல போவணும்."

"மேலன்னா?"

நான் கையைக் காட்டினேன். தூரத்தில் மலை நீலமாகத் தெரிந்தது. அவர் என் விரலைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், மறுபடி விரலைப் பார்த்தார்.

"சார், பேப்பர்ல கள்ளக்குறிச்சின்னுதான் போட்டிருக்கு. மலையேறணும்னா தனியா குடுக்கணும். இல்லன்னா இங்கயே எறக்கிட்டு நான் போய்க்கினே இருப்பேன்."

தப்பு என்னுடையது. என் தலை தானாகவே குனிந்தது. மனைவி என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, கம்பெனி கொடுத்த விலைத்தாளை எடுத்து அவர் முன் நீட்டினாள்.

"அண்ணா, இதுல இன்னா போட்டிருக்கு, நீங்களே படிங்க."

"வீட்டு வாசலில் இறக்கித் தரப்படும்."

"சரி. கள்ளக்குறிச்சியில எங்க வூட்டு வாசல் எங்க இருக்குன்னு காட்டுங்க. அங்கயே எறக்குங்க. நான் தண்ணி தெளிச்சிக் கோலம் போட்டு வெக்கறேன்."

டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஒரு பெரியவர் கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: "பஸ் ஸ்டாண்டு வாசல்ல எறக்குப்பா. நல்ல பெரிய வாசலு."

கடையே சிரித்தது. டிரைவரும் சிரித்துவிட்டார். ஆபீசுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். எடுத்தது அந்த 'அண்ணா' பெண். இப்போது நான் 'சார்' ஆகியிருந்தேன். மனைவி போனை வாங்கினாள்.

"யம்மா, நாங்க குடியிருக்கற ஜில்லாவுலயே நுகர்வோர் கோர்ட்ல மனு போடலாமாம். வாய்தாவுக்கு வாய்தா நீங்கதான் பெங்களூருலேர்ந்து வந்துக்கினு இருக்கணும். எங்களுக்கு பஸ் ஏறுனா வேல முடிஞ்சிது. எப்படி வசதி?"

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "டிரைவர்கிட்ட குடுங்க மேடம்" என்றாள். லாரி மலையேறியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டிரைவர் முதலில் கடவுளையும் அடுத்து என்னையும் பார்த்தார்.

வாசலில் லாரியை நிறுத்தியதும் தாளும் பேனாவும் வந்தன. 'எல்லாப் பொருள்களும் நல்ல நிலையில் பெறப்பட்டன.' பதினேழு வருஷப் பழக்கம், என் கை தானாக நீண்டது. மனைவி அதைத் தட்டிவிட்டு மிஷின் பெட்டியைத்தான் முதலில் பிரிக்கச் சொன்னாள்.

கைச்சக்கரம் இரண்டாக உடைந்திருந்தது. மேஜைப் பலகை குறுக்கே பிளந்திருந்தது. அவள் உடைந்த சக்கரத் துண்டைக் கையில் எடுத்து, மாவைத் துடைப்பதுபோல் முந்தானையால் துடைத்தாள். அந்த ஒரு நிமிஷம் நான் எந்த ஜோக்கும் சொல்லவில்லை. சொன்னால் உயிரோடு இருந்திருக்க மாட்டேன்.

டிரைவரிடம் இருந்த பட்டியலை வாங்கிப் பார்த்தோம். என் கையெழுத்துக்கு மேலே எல்லாம் நிரப்பியாகிவிட்டது. பீரோ: பழையது, கீறல். கட்டில்: பழையது, கீறல். சாமி படம்: பழையது, கீறல். தையல் மிஷின்: பழையது, உடைந்தது. என்னை ஏற்றியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். அது ஒன்றுதான் உண்மையாக இருந்திருக்கும்.

"அத நான் எழுதலக்கா. ஆபீஸ்ல எழுதிக் குடுக்கறாங்க" என்றார் டிரைவர். நல்ல மனுஷன். அவர்கள் தாளிலேயே 'மிஷின் சக்கரமும் பலகையும் உடைந்து வந்தன' என்று மனைவி எழுதியதும், மறுபேச்சில்லாமல் கீழே கையெழுத்துப் போட்டார்.

போட்டோக்கள் வக்கீலம்மாவுக்குப் போயின. அந்த அம்மாள் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தன் ரவிக்கையை அந்த மிஷினில்தான் தைத்து வாங்கிக்கொண்டு போனதாகவும், 'உடைந்த' மிஷினில் அது எப்படித் தைக்கப்பட்டது என்று விளக்கினால் நன்றாக இருக்கும் என்றும் கேட்டிருந்தார்.

பதில் வரும்வரை திரைச்சீலைகளை மனைவி கையாலேயே தைத்தாள். நானும் உதவினேன். முதல் திரையை முடித்துவிட்டு எழுந்தபோது என் லுங்கியும் கூடவே எழுந்தது. இரண்டையும் சேர்த்துத் தைத்திருந்தேன். அதன் பிறகு என்னை ஊசிக்கு நூல் கோக்கக்கூட விடவில்லை. முதலாளி வேறு தினமும் வந்து ஜன்னல்களைப் பார்த்துவிட்டுப் போனார். கோடைக் கூட்டத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

ஒருநாள் காலை கம்பெனி அனுப்பிய மெக்கானிக் கள்ளக்குறிச்சியிலிருந்து புதுச் சக்கரமும் புதுப் பலகையுமாக வந்து சேர்ந்தார். மதியத்துக்குள் பூட்டி முடித்தார். மிஷின் பழையபடி நிமிர்ந்து நின்றது. மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு, ஓட்டிப் பார்க்க ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள். மெக்கானிக் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். 'பழுது முழுவதும் சரிசெய்யப்பட்டது. இனி எங்களுக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை.' இந்த முறை நான் ஒரு வரி விடாமல், இரண்டு தடவை படித்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

"முழுசாப் படிச்சிட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. போட்டுடட்டுமா?" என்றேன்.

அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "மொதல்ல பேனாவக் கீழ வைங்க."