கேஸ் துப்பாக்கியும் என் தமிழும்

எண்பதுகளின் கடைசியில், டெல்லியில் நானும் என் ஆபீஸ் தோழி ஹர்ப்ரீத்தும் ஒரே கிளப்பில் ஏர் ரைஃபிள் சுட்டுப் பழகினோம். போட்டிக்கு ஸ்பிரிங் துப்பாக்கி வாங்கவா, கேஸ் துப்பாக்கி வாங்கவா என்று என்னிடம்தான் ஹிந்தியில் கேட்டாள். கேஸ் என்றால் சுடும்போது உதைக்காது என்று தெரிந்தும், ஸ்பிரிங்கே போதும் என்றேன். என்னிடம் இருந்தது அதுதானே! அவள் கேஸையே வாங்கினாள். எனக்கு வயிறு எரிந்தது.

ஜனவரியில் போட்டி. நடுக்கும் குளிர். அவள் துப்பாக்கியில் மாட்டும் கையளவு கேஸ் சிலிண்டர் வெளியே பெஞ்சில் கிடந்தது. அவள் பக்கத்தில் நிற்கும்போதே, போட்டி பார்க்க வந்திருந்த என் மனைவியிடம் தமிழில் சொன்னேன்: "குளிர்ல கேஸோட வேகம் குறையும். குண்டெல்லாம் கீழதான் போகும். நல்லா முழிக்கட்டும்!"

அவள்தான் முதலிடம். நான் நாலாவது. மெடலோடு நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, குளிர்னு சொன்னீங்கள்லா? உடனே சிலிண்டரை ஸ்வெட்டருக்குள்ள வச்சுக்கிட்டேன். ரொம்ப தேங்க்ஸ்."

சரோஜினி நகரில் அவள் வளர்ந்த குவார்ட்டர்ஸுக்கு அடுத்த வீட்டில் இருந்தவர்கள் திருநெல்வேலிக்காரர்களாம். நான் சொன்ன மீதியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்னும் சுடுகிறது.

இப்போதும் எனக்குப் பொறாமை வரும். அதைத் தமிழில் சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன்.