மைக் செத்த பிறகும் நிற்காத ரெகே

"தம்பி, உந்த ட்ரம்ஸில முதல் அடியைக் காணேல்லையே. சனம் எங்க கை தட்டுறது?"

எங்கள் பாண்டின் முதல் நிகழ்ச்சி. ரொறன்ரோவின் ஸ்காபரோ பக்கம், அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவின் கார் பார்க்கிங்கில் சவுண்ட் செக் நடந்துகொண்டிருந்தது. கேட்டவர் விழா அமைப்பாளர் செல்வம் அண்ணை.

நாங்கள் வாசித்தது ரெகே, ஜமேக்காவின் இசை. அதில் ஒவ்வொரு நாலு அடியிலும் முதல் அடி காலி. காலால் அடிக்கிற பெரிய ட்ரம், கிக், மூன்றாவதில்தான் விழும். நான் அதை லண்டனில் படித்தவன். ரொறன்ரோ வருமுன் அங்கே ரெகே பாண்டுகளுக்கு மிக்ஸிங் செய்தேன். கரீபியனிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் அந்தக் குளிரில் தங்களுக்கென்று ஒரு ரெகேயை உண்டாக்கியிருந்தார்கள். "இது அசல் இல்லை" என்றவர்களை அவர்கள் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. அந்தத் திமிர் எனக்குப் பிடித்துப்போனது.

இங்கே கலியாண வீடியோக்களுக்குப் பாட்டு மிக்ஸ் பண்ணி அலுத்துத்தான், அதே லண்டன் பாணியில், தமிழ்ப் பாட்டோடு ஒரு பாண்ட் கட்டினேன். பேஸ் கிற்றாருக்கு மன்னார் ஜூட்; மாதா கோயில் பாடகர் குழுவில் வாசித்தவன். ட்ரம்ஸுக்கு ஜமேக்காக்காரி மார்சியா. பாட்டும் கிற்றாரும் நான்.

செல்வம் அண்ணை விடவில்லை. "கீபோர்ட்காரன் ஒரு ரிதம் ட்ராக் பதிஞ்சு வைச்சிருக்கிறான். அதைப் போட்டு விடுவம். அந்தப் பிள்ளை சும்மா கையை ஆட்டினாக் காணும்."

மார்சியாவுக்குத் தமிழ் தெரியாதது அண்ணையின் அதிர்ஷ்டம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ட்ராக் போட்டா நாங்கள் ஏறமாட்டம், அண்ணை."

"அப்ப ஏறாதேங்கோ!"

ஜூட் என்னைத் தள்ளிக்கொண்டு போனான். "மச்சான், இவர் வேண்டாம் எண்டா ஸ்காபரோவில வேற ஒருத்தரும் கூப்பிடமாட்டினம். யோசி."

"யோசிச்சிட்டன். ட்ராக் இல்லாமல் ஏறுறம்."

நோட்டீஸில் எங்கள் பெயர் இருந்ததால் அண்ணையால் தடுக்க முடியவில்லை. ஆனால் இரண்டாம் பாட்டின் நடுவில் என் மைக் செத்தது. அதே மிக்ஸர் வழியாகப் போன கிற்றாரும் செத்தது. பார்த்தால், சவுண்ட்காரனுக்குப் பக்கத்தில் அண்ணை கை கட்டி நிற்கிறார்.

ட்ரம்ஸுக்கு மைக் தேவையில்லை. பேஸுக்கு, மிக்ஸர் பக்கமே போகாத ஜூட்டின் சொந்த ஒலிபெருக்கிப் பெட்டி, அம்ப், இருந்தது. பாட்டையும் கிற்றாரையும் எடுத்துவிட்டு ட்ரம்ஸையும் பேஸையும் மட்டும் ஓடவிடுவதற்கு 'டப்' என்று பெயர். லண்டனில் அதைச் செய்யத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். அண்ணை அதை இலவசமாகச் செய்து தந்தார்!

"நிப்பாட்டாதை!" என்று ஜூட்டைப் பார்த்துக் கத்தினேன். மார்சியாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்னும் ஓங்கி அடித்தாள். கொத்துரொட்டி வரிசையில் நின்ற அன்ரிமார் தட்டுகளோடு திரும்பினார்கள். ஒருவரும் கை தட்டவில்லை. ஆடினார்கள்.

இறங்கியதும் அண்ணை சொன்னார், "இனி உங்களை ஒரு இடமும் கூப்பிடமாட்டன்."

"கூப்பிடாதேங்கோ. நாங்களே நிகழ்ச்சி போடுவம்."

அவர் சொன்னபடியே கூப்பிடவில்லை. நாங்களும் சொன்னபடியே போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பாண்ட் கட்ட நினைக்கிற பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். மேடை அமைப்பாளர்களுடையதாக இருக்கட்டும், மைக்கும் இருக்கட்டும். பேஸ் அம்பை மட்டும் இரவல் வாங்காதீர்கள்.