பழுப்பாக வந்த மருந்து

வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் பளிச்சு. தம்பி வைத்தது. குடித்து முடிப்பதற்குள் தம்ளரைப் பிடுங்கிக் கழுவுகிற அக்காவுக்கு அவன் வேறு என்ன பெயர் வைப்பான்?

அவள் சேர்ந்த மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் அந்தக் குணத்துக்கு ஏகப்பட்ட மரியாதை. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகளைக் கொல்ல, ரசாயனங்களைச் சேர்த்துப் புதுப்புது மருந்துகள் செய்வது அவள் வேலை. அவள் செய்வதெல்லாம் உப்புப் போல வெள்ளை வெளேரென்று வரும். ஒன்றுகூடக் கிருமியைக் கொல்லாது என்பது வேறு விஷயம்.

ஒரு தடவை கரைப்பான் தீர்ந்துபோய், பழைய புட்டி ஒன்றின் அடியில் கிடந்ததை ஊற்றிச் செய்தாள். மருந்து சேறு மாதிரிப் பழுப்பாக வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டேதான் சோதனைக்குக் கொடுத்தாள். மறுநாள், கிருமி வளர்க்கிற பெண் கண்ணாடித் தட்டை ஏந்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்னக்கா போட்டீங்க இதுல? ஒரு கிருமிகூட மிஞ்சல!"

"சீ, அழுக்கோட இருக்கு. மிச்சத்தக் குடு, சுத்தம் பண்ணித் தரேன்."

"கொஞ்சமாவது இப்படியே இருக்கட்டுமேக்கா."

"இந்த நிறத்தப் பாத்தா என்னை யாரு மதிப்பா? குடுங்கிறேன்ல."

வாங்கிச் சுத்தம் செய்தாள். வெள்ளையாக வந்தது. பிரிந்த கசடைக் கொட்டினாள், குடுவையைத் தேய்த்தாள், அந்தப் பழைய புட்டியையும் விட்டுவைக்கவில்லை. வெள்ளை மருந்தைப் போட்ட தட்டில் கிருமி கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது. கொன்றது மருந்தில்லை, அதிலிருந்த அழுக்கு என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிறகு வருஷக்கணக்கில் தலைகீழாக நின்றும் அந்தப் பழுப்பு திரும்பி வரவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி தானாக உடையவில்லை, அவளே உடைத்தாள்.

இப்போது தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். முழங்காலில் செய்த அறுவை சிகிச்சைப் புண் ஆறவேயில்லை. சீழைச் சோதித்தபோது, அவள் தட்டில் அன்று செத்த அதே வகைக் கிருமி. இருக்கிற மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டு, காலைத் தொடையோடு எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பழுப்பு மருந்தாகியிருக்குமோ ஆகாதோ, யார் கண்டது? ஆகியிருக்கலாம். அந்த 'லாம்'தான் அவளைத் தூங்கவிடவில்லை.

அறுவை அறைக்குக் கொண்டுபோக நர்ஸ் வந்தபோது அவள் பேச வாயெடுத்தாள்.

"டேய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"அழாத பளிச்சு. ஒரு செருப்பு மிச்சம்" என்று சிரித்தவன், நர்ஸிடம் திரும்பினான். "எங்கக்கா கிருமிக்கு மருந்து செய்யுறவ. அவ செஞ்சா ஒரு பொட்டு அழுக்கு இருக்காது, தெரியுமா?"

நர்ஸ் மரியாதையோடு அவளைப் பார்த்தாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.