புளியங்கைப்பிடி போட்ட கருப்பு விளக்குமாறு

தெருமுனைக் கடையில் கிடைக்கிற விளக்குமாற்றுக்காக முப்பத்தைந்து கிலோமீட்டர் போனவன் தூத்துக்குடியில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். போன மாசியில், ஒரு சனிக்கிழமை. எல்லாம் என் மகள் சுபாவால். பனந்தும்பில், அதாவது பனைநாரில், இயற்கைச் சாயம் ஏற்றி, கதையுள்ள மரத்தில் கைப்பிடி போட்டு விற்கப்போகிறாளாம். கடற்கரைச் சாலையில் கைவினைக் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர், அன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் சிவப்பில் ஒன்று காட்டினால் ஐம்பதுக்கு ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார். அவளுக்கு முதல் ஆர்டர். நான் பை தூக்கப் போனேன்.

காலை 5.40 பேருந்து. வழியெல்லாம் உப்பளம். ஒரு மணி நேரத்தில் ஆறுமுகநேரி. அங்கிருந்து ஆட்டோவுக்கு 120 ரூபாய், பனங்காட்டுக்குள் சாயம் போட்டு விளக்குமாறு கட்டித் தரும் பொன்மணியின் பட்டறைக்கு.

கடுக்காய்த் தண்ணீரிலும் படிகாரத்திலும் ஊறவைத்த பனந்தும்பை, சாயவேர் கொதிக்கும் மண்பானையில் பொன்மணியும் சுபாவும் போட்டார்கள். வைக்கோல் நிறத்தில் போனது கொஞ்ச நேரத்தில் செம்பருத்தி மாதிரி ஆனதைப் பார்த்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதல் பிடியை எடுத்துக் காயப்போட்டுவிட்டு, இருவரும் கைப்பிடி பார்க்கப் போனார்கள். வேம்பு அம்மனுடைய மரம். நொச்சி கண்ணேறு கழிக்கும். புளியில் யார் குடியிருப்பது என்று உங்களுக்கே தெரியும்.

பானை அருகே நான் மட்டும். கிண்டுகிற குச்சி வழுக்கியது. நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு இரும்புக்கடை வைத்தவன். கை தானாகவே வேலியோரம் கிடந்த துருப்பிடித்த கம்பிக்குப் போனது. நன்றாகக் கிண்டினேன்.

“அண்ணாச்சி, என்ன செய்யுதீய?” பொன்மணி ஓடிவந்தாள்.

பானையில் சிவப்பு இல்லை. நாவல்பழக் கருப்பு. கடுக்காயில் ஊறிய தும்பில் துரு பட்டால் அப்படித்தானாம்.

“யப்பா, எதையும் தொடாதீயன்னு சொன்னேன்லா?” சுபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “இனி வேர் இருக்காக்கா?”

“அடுத்த வாரந்தான் வரும். அழாத ஏளா, காயப்போட்டது ஒரு பிடி இருக்குல்லா. ஒண்ணு கட்டிரலாம்.” என் பக்கம் திரும்பி, “அண்ணாச்சி, நீங்க அந்தப் பனை மூட்டுல போய் உக்காருங்க. பனையைத் தொடாதீய.”

பனையடியில் உட்கார்ந்தேன். வேப்பங்கைப்பிடியில் சிவப்பு ஒன்று. வீணாக்க மனமில்லாமல் புளியில் கருப்பு ஒன்று.

சாயங்காலம் 5.50க்குக் கடற்கரைச் சாலைக் கடைக்குள் நுழைந்தோம். அந்த அம்மா சிவப்பை வாங்கி வெள்ளை டைல்ஸில் அழுத்திக் கூட்டினார். சுபா மூச்சுவிட்டாளோ என்னவோ, நான் விடவில்லை. தும்பு உதிரவில்லை. சாயமும் ஒட்டவில்லை. “ஐம்பது போட்டுக் குடும்மா” என்றார். என் படைப்பைப் பார்த்து, “இத யாரு வாங்குவா?” என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். வெள்ளை வேட்டி வேண்டாம். திரும்பும்போது விளக்குமாற்றைச் சாக்கில் சுற்றிக்கொள்ளுங்கள். அது எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று முகம் சுளிக்கப் பேருந்துக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இரும்பு வியாபாரிகள் வெளியிலேயே நிற்பது நல்லது.

கருப்பு விளக்குமாறு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. புளியங்கட்டை என்றால் பயமாம், என் மனைவி தொடமாட்டாள். அதனால் தினமும் வீடு கூட்டுவது நான். இருபத்திரண்டு வருஷமாக அவள் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை.